நீலமேகத்தின் ஆவியும் என் ஓரகத்தியும்

ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் புத்தகத்தோட கடைசி அத்தியாயத்தை மட்டும் இப்பப் புரட்டாதீங்க. நான் எட்டிப் பார்த்துடுவேன். பக்கத்துல யாரு படிச்சாலும் என் கண்ணு தானா அங்க போயிடும், சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். இதே புத்தகம் என் பையிலயும் இருக்கு. கடைசி அத்தியாயம் ஒண்ணுதான் பாக்கி. கை சும்மா இருக்காதுன்னு அந்தப் பக்கங்களை ஊசி நூல் போட்டுத் தைச்சே வெச்சிருக்கேன். கரூர் போய்த்தான் பிரிக்கணும்.

ஏன்னு நீங்க கேட்கல. சரி, நானே சொல்றேன். இந்த பஸ் தஞ்சாவூர் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், நீங்க திருச்சி டிக்கெட் எடுத்ததையும் பார்த்தேன்.

இந்த 'நீலமேகம் ஆஜர்!' வரிசையில இது உங்களுக்கு எத்தனையாவது? முதலாவதா? அடடா! இது ஒன்பதாவது புத்தகம்மா. அதுக்கு முன்னாடி வக்கீல் பத்மாசனி வரிசை இருக்கு. அதுலேருந்து பிரிஞ்சு வந்ததுதான் இது. பத்மாசனியைப் படிக்காம இதைப் படிக்கிறது, அஸ்திவாரம் இல்லாம மாடி கட்டற மாதிரி. பத்மாசனி குண்டா இருப்பாங்க, நல்லா சாப்பிடுவாங்க, கோர்ட்டு கேன்டீன்ல போண்டாவுக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போதே கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. ரத்தம், கத்தி, அலறல் ஒண்ணும் கிடையாது. ஒருத்தன் கண்ணியமாச் செத்துக் கிடப்பான், பக்கத்துல பாதி சாப்பிட்ட கேசரித் தட்டு இருக்கும். நாம நிம்மதியா காபி குடிச்சுக்கிட்டே படிக்கலாம்.

அந்த அம்மாவோட குமாஸ்தாதான் நீலமேகம். கையில குடை, சட்டைப் பையில நாலு பேனா, கல்யாணம் பண்ணிக்காத மனுஷன். பத்மாசனி தொலைக்கிற காகிதத்தையெல்லாம் எடுத்துக் கொடுப்பாரு. பத்மாசனி வரிசையோட பத்தொன்பதாவது புத்தகத்துல அவரைக் கொன்னுட்டாங்க. கொன்னது பக்கத்து வீட்டு ஹோமியோபதி டாக்டர், மாத்திரை டப்பாவை மாத்தி வெச்சிட்டான். நீங்க அவசியம் படிக்கணும். டாக்டர்தான்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியாது.

அந்தப் பத்தொன்பதாவது புத்தகத்துலதான் எனக்கும் என் ஓரகத்திக்கும் பேச்சு நின்னுது.

எங்களுக்கு சீர்காழி. அண்ணன் தம்பி ரெண்டு குடும்பமும் ஒரே வீட்டுல இருந்தோம். கீழ நாங்க, மாடியில என் கொழுந்தன் குஞ்சிதபாதமும் அவரு பெண்டாட்டி புனிதாவும். சமையல் மட்டும் கீழ ஒண்ணா. புனிதா வந்த புதுசுல அவளுக்குக் கீரை ஆயக்கூடத் தெரியாது. ஆனா குரல் நல்லா இருக்கும். அதனால நான் காய் நறுக்குவேன், அவ பக்கத்துல உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாப் படிப்பா. வக்கீலுக்கு ஒரு குரல், போலீசுக்கு ஒரு குரல், செத்தவனுக்குக்கூட ஒரு குரல் வெச்சிருப்பா. கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி நிறுத்திடுவோம். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டுல கொலைகாரன் பேரை எழுதி அஞ்சறைப் பெட்டியில போட்டுட்டு, மறுநாள்தான் கடைசி அத்தியாயம். இருபத்தோரு வருஷம் இப்படியே போச்சு. என் சீட்டுதான் அதிகமா ஜெயிச்சிருக்கு, அவகிட்டயே கேளுங்க. சரி, உங்களுக்கு எங்க அவளைத் தெரியும்.

எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம் விருத்தாசலத்துல. வீடே கிளம்பினோம். புனிதாவுக்கு மட்டும் வழுக்கி விழுந்து கால்ல மாவுக்கட்டு, அதனால அவ வரல. கிளம்பும்போது சொல்லிட்டுத்தான் போனேன், "புனிதா, கடைசி அத்தியாயத்தைத் தொட்டே, நான் சும்மா இருக்க மாட்டேன்"னு. நாலே நாலு நாள்தான். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கிட்டு வீட்டுல தனியா சும்மா உட்கார்ந்திருக்கறவ, ஒரு அத்தியாயத்தைப் படிக்காம இருக்க முடியாதா? நீங்களே சொல்லுங்க.

முகூர்த்தம் ஏழரையிலேருந்து ஒன்பது. ஏழே முக்காலுக்குப் போன் அடிக்குது. நான் கையில ஆரத்தித் தட்டோட மேடைக்குப் பக்கத்துல நிக்கறேன். எடுத்தா, புனிதா தேம்பறா. "அக்கா, நீலமேகம் போயிட்டாருக்கா."

எனக்கு எங்க இருக்கோம்னே மறந்துபோச்சும்மா. தட்டைப் போட்டுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். "ஐயோ நீலமேகம்! வாங்கி வெச்ச காபியைக்கூடக் குடிக்காமப் போயிட்டீங்களே!"ன்னு வாயில அடிச்சுக்கிட்டு அழுதேன். நாதஸ்வரம் நின்னுடுச்சு. எங்க அண்ணன் ஓடி வர்றாரு, ஐயரு மந்திரத்தை நிறுத்திட்டு என்னையே பார்க்கறாரு. மாப்பிள்ளையோட அம்மா பக்கத்துல வந்து மெதுவாக் கேட்கறாங்க: "யாரு, பங்காளியா? தீட்டு உண்டா?"

அத்தனை பேருக்கு நடுவுல, புத்தகத்துல வர்ற ஆளுன்னு எப்படிம்மா சொல்றது? "எங்க வீட்டுக் குமாஸ்தா"ன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்காரர் உரக்கடை வெச்சிருக்காரு. உரக்கடைக்கு எதுக்குக் குமாஸ்தா? அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. தீட்டு இல்லன்னு தெரிஞ்சதும் ஐயரு மேளத்துக்குக் கை காட்டிட்டாரு, தாலி கட்டியாச்சு.

அதோட முடிஞ்சிருந்தா நான் மன்னிச்சிருப்பேன். எனக்குப் பெரிய மனசுதான், எங்க தெருவுல கேட்டாச் சொல்லுவாங்க. ஆனா பத்தாம் நாள் சம்பந்தி வீட்டுல நாலு பேரு கார் வெச்சுக்கிட்டு சீர்காழிக்கே துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க. எவ்வளவு மரியாதையான மனுஷங்க பாருங்க. கூடத்துல வரிசையா உட்கார்ந்துட்டாங்க. என்ன வயசு, எத்தனை வருஷமா வேலை பார்த்தாரு, குடும்பம் இருக்கான்னு கேட்கறாங்க. நான் புத்தகத்துல இருந்ததையெல்லாம் எடுத்து விட்டேன். "அம்பத்தெட்டு வயசு. கல்யாணம் ஆகல. எப்பவும் கையில குடையிருக்கும்"னு சொல்லிக்கிட்டே இருக்கேன், மூலையில புனிதா. காலை ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எழுந்து ஓட முடியாது, கால்ல கட்டு. தலகாணியை எடுத்து முகத்தைப் பொத்திக்கிட்டுக் குலுங்கறா. வந்தவங்க, "பாவம், எவ்வளவு பாசம் வெச்சிருந்தா இப்படி அழுவா"ன்னு அவளைச் சுத்தி நின்னு முதுகைத் தடவிக் கொடுக்கறாங்க. அவ இன்னும் குலுங்கறா. கடைசியில துக்க வீடாச்சேன்னு அவங்க "போயிட்டு வர்றோம்"னுகூடச் சொல்லாம எழுந்து போனாங்க.

நான் அழுத அழுகைக்கு அவ சிரிச்சா. அதுதாம்மா எனக்குத் தாங்கல. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு, "மாடியிலயும் அடுப்பு மேடை இருக்கு, இனிமே அங்கேயே பொங்கிக்கங்க"ன்னு சொன்னேன். அதுதான் அவகிட்ட நான் பேசின கடைசிப் பேச்சு. ரெண்டு வருஷமாகப் போகுது.

பேச்சுதான் இல்ல. ஆனா புத்தகம் ஒண்ணுதானே வரும்? எங்க ஊர்ல அருள் வாடகை நூல் நிலையம்னு ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு புத்தகம். நான் படிச்சு முடிச்சு மாடிப்படியில வெச்சிடுவேன், அவ எடுத்துக்குவா. அந்த நூல் நிலையத்துல ஒரு வழக்கம் இருக்கு. படிச்சவங்க புத்தகத்தோட கடைசி வெள்ளைப் பக்கத்துல பென்சில்ல அபிப்பிராயம் எழுதலாம். 'சுமார்', 'அம்மாவுக்குப் பிடித்தது', 'நாற்பதாம் பக்கம் காணோம்' இப்படி ஏதாவது இருக்கும். கடைக்காரர் வைத்தியலிங்கம் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேரு புத்தகமே எடுப்பாங்க.

பேச்சு நின்ன நாலாவது மாசம் அந்த அக்கிரமம் நடந்துச்சு. 'நீலமேகம் ஆஜர்!' முதல் புத்தகம் வந்துச்சு. திறந்தா, காலையில பத்து மணிக்கு ஆபீஸ் கதவு தானாத் திறக்குது, குடையோட நீலமேகம் உள்ள வர்றாரு. ஆவியா! செத்தது தெரியாம பழக்கத்துல வேலைக்கு வந்துட்டாராம். பத்மாசனியோட ஜூனியர் பொண்ணு கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாராம். காபி குடிக்க முடியாது, ஆவி மட்டும் மோந்துக்குவாராம்.

எனக்கு வந்துச்சே கோபம்! அப்ப நான் அழுதது எதுக்கு? ஆரத்தித் தட்டைக் கொட்டினது எதுக்கு? சம்பந்தி வீடு பெட்ரோல் போட்டுக்கிட்டு வந்து துக்கம் விசாரிச்சது எதுக்கு? செத்தா செத்ததா இருக்கணும். அழுத கண்ணீரைத் திருப்பித் தர முடியுமா இவங்களால? பென்சிலை எடுத்து எழுதினேன்: 'வாசகர்களை ஏமாற்றும் வேலை. ஆள் இறந்தால் ஆவி வரும், சரி. குடை எப்படி வந்தது? குடையும் இறந்ததா?'

நியாயமான கேள்விதானே? புத்தகத்தை மாடிப்படியில வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. கீழ அவ கையெழுத்து, குண்டு குண்டா: 'குடை இல்லாமல் அவர் எங்கேயாவது போயிருக்கிறாரா?'

இது ஒரு பதிலா? அப்படி ஆரம்பிச்சது. ரெண்டு மாசத்துக்கு ஒரு புத்தகம் வரும், புத்தகத்துக்கு ஒரு சண்டை. மூணாவது புத்தகத்துல ஆவி வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுது. 'ஆவி பேனாவைப் பிடிக்குமானால் அதுவே கொலைகாரனையும் பிடித்துவிடலாமே, ஜூனியர் எதற்கு?'ன்னு எழுதினேன். 'வேலையில் பிரியம் உள்ளவர்களுக்குத்தான் இது புரியும்'னு அவ எழுதறா. அஞ்சாவதுல ஜூனியர் பொண்ணு சாப்பிடாம இருந்தா ஆவி வந்து பாத்திரத்தை உருட்டுது. கொலையே அறுபதாம் பக்கத்துலதான் வருது. 'மர்ம நாவலா, குடும்ப நாவலா?'ன்னு கேட்டேன். அதுக்கு அவ எழுதினதைக் கேளுங்க: 'உயிரோடு இருப்பவர்களே ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும்போது, செத்தவர் வந்து சாப்பிட்டாயா என்று கேட்கக் கூடாதா?'

கதையைப் பத்திக் கேட்டா என்னத்தையோ எழுதறா பாருங்க. சம்பந்தமே இல்லாத பேச்சு.

எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் சொன்னாரு, "பதிமூணு படிதான் இருக்கு மங்கை. ஏறிப் போய் வாயாலயே சொல்லிட்டு வாயேன்"னு. அவருக்கு இலக்கியம் தெரியாதும்மா. எழுத்துக்குப் பதில் எழுத்துலதான் சொல்லணும்.

ஊர்லயும் தெரிஞ்சுபோச்சு. நாங்க திருப்பிக் கொடுத்ததும் அந்தப் புத்தகத்துக்கு ஒரே கிராக்கி. நிறையப் பேரு கடைசிப் பக்கத்தைப் படிச்சிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே போவாங்களாம். 'கீழ்வீட்டு அம்மா சொல்வதே சரி'ன்னு ஒரு ஹெட்மாஸ்டர் எழுதியிருந்தாரு. 'மாடிவீட்டு அம்மாவுக்கே என் ஓட்டு'ன்னு மெடிக்கல் ஷாப்காரர். 'இருவரும் ராசியாகி விடுங்கள், எழுத இடமில்லை'ன்னு யாரோ.

போன தையிலதான் கொழுந்தனுக்குக் கரூர்ல வேலை அமைஞ்சுது, ஒரு துணிக் கம்பெனியில கணக்குப் பிரிவு. நல்ல வேலை. சந்தோஷம்தான். சாமானெல்லாம் டெம்போவுல ஏத்தினாங்க. புனிதா கூடத்துல வந்து நின்னா, தெரியும் எனக்கு. நான் பூஜை ரூம்ல விளக்குக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தேன். வேலையா இருந்தேம்மா, எப்படி வர்றது? அரை மணி நேரம் ஊத்தினேன். டெம்போ சத்தம் தெருமுனையில திரும்பினப்புறம்தான் வெளியே வந்தேன். தட்டு நிறைய எண்ணெய்.

அப்புறம் ஏழாவது புத்தகம் வந்துச்சு. படிச்சேன். எழுதினேன். படியில கொண்டு போய் வெச்சேன். மூணு நாள் அங்கேயே கிடந்துச்சு, அப்புறம்தான் நினைப்பு வந்துச்சு. மேல யாரு இருக்கா எடுத்துக்க? அப்படியே திருப்பிக் கொடுத்தேன். எட்டாவதுக்கு எழுதவே தோணல. வைத்தியலிங்கம் கேட்கறாரு, "என்னம்மா, பக்கம் காலியா இருக்கு, எல்லாரும் என்னைக் கேட்கறாங்க"ன்னு. "புத்தகம் மோசம், எழுத ஒண்ணுமில்ல"ன்னு சொன்னேன். உண்மையாவே மோசம்மா அது. காய் நறுக்கும்போது படிக்கப் பார்த்தேன், எல்லாருக்கும் ஒரே குரலா இருக்கு. ரெண்டு பேருக்கு எவ்வளவு காய்? நாலு கத்திரிக்காய் நறுக்கினா முடிஞ்சுபோச்சு. வீடு வெறிச்சுன்னு இருக்கும்மா. அவ மாடியில நடக்கற சத்தமாவது கேட்டுக்கிட்டு இருக்கும் முன்னெல்லாம்.

இப்ப ஒன்பதாவது, உங்க கையில இருக்கறது. இதோட நீலமேகம் வரிசை முடியுதுன்னு முதல் பக்கத்துலயே போட்டுட்டாங்க. பத்மாசனி ஒரு ஃபைல்ல கையெழுத்துப் போட்டா அவரு வேலை முடிஞ்சு ஒரேயடியாப் போயிடுவாரு, போடலன்னா இருப்பாரு. போடுவாங்களா மாட்டாங்களாங்கறதுதான் கடைசி அத்தியாயம். நான் என்ன நினைக்கணும்? தொலையட்டும்னுதானே? ஏழு புத்தகமா அதைத்தானே எழுதிக்கிட்டு இருந்தேன்? ஆனா அந்த இடம் வந்ததும் என்னால பக்கத்தைத் திருப்ப முடியலம்மா. மூடி வெச்சிட்டேன்.

கொழுந்தனுக்கு மட்டும் போன் பண்ணி வர்றேன்னு சொன்னேன், அவகிட்டச் சொல்லாதீங்கன்னும் சொல்லிட்டேன். இதுக்காக யாராவது சமாதானத்துக்குப் போறேன்னு நினைச்சிடக் கூடாது. அபிப்பிராயம் ரெண்டு பேரோடதும் இருந்தாத்தான் பக்கம் பூர்த்தியாகும், வைத்தியலிங்கமும் பத்து நாள் தவணை கொடுத்திருக்காரு. அவ வாசல்ல வந்து நின்னா முதல் வார்த்தை என்ன பேசறதுங்கறதுதான் தெரியல. மாயவரத்துலேருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன். "சௌக்கியமா"ன்னா ரொம்ப இறங்கிப் போற மாதிரி இருக்கு. "புத்தகம் கொண்டு வந்திருக்கேன்"னு சொல்லலாம். நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

இருங்க, போன் அடிக்குது. எங்க வீட்டுக்காரராத்தான் இருக்கும், சீரகம் எங்கன்னு கேட்பாரு.

புனிதா.

புனிதான்னு காட்டுதும்மா. ரெண்டு வருஷமா இந்தப் பேரு இதுல வந்ததே இல்ல. கொழுந்தன் சொல்லிட்டாரா? நீங்க எடுத்துப் பேசறீங்களா? நான் தூங்கறேன்னு சொல்லுங்க. வேண்டாம், வேண்டாம், கொடுங்க, நின்னுடப் போகுது.

ஹலோ. ம், நான்தான். ஏன் அழறே? என்ன ஆச்சு, தம்பி நல்லா இருக்காருல்ல? பின்னே எதுக்கு... புத்தகமா? எங்க கிடைச்சுது உனக்கு? படிச்சே முடிச்சிட்டியா? சொல்லாதே! ஏய், வாயைத் திறக்காதே, நான் படிக்கல. போனை வெச்சிடுவேன். எத்தனை தடவைடி உனக்குச் சொல்றது...

என்ன?

கொஞ்சம் இருங்கம்மா. நான் வர்றது அவளுக்குத் தெரியவே தெரியாது. அங்க பஸ் ஸ்டாண்டுல வாங்கி, தனியாவே உட்கார்ந்து படிச்சிருக்கா. முடிச்ச கையோட எனக்குப் போட்டிருக்கா. "திட்டினாத் திட்டுங்க, உங்ககிட்டச் சொல்லாம நான் வேற யாருகிட்டக்கா சொல்லுவேன்"ங்கறா.

வேற யாருகிட்டச் சொல்லுவா? அன்னிக்கும் வீட்டுல அவளைத் தவிர ஒரு ஆள் இல்ல. எல்லாரையும் நான்தானே கிளப்பிக்கிட்டுப் போனேன். நீலமேகம் செத்துக் கிடக்காரு, கால்ல கட்டோட அவ ஒருத்தியா உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்திருக்கா. எனக்கு இது ஏம்மா தோணவே இல்ல?

புனிதா. இருக்கேன், இருக்கேன், வைக்கல. அழாதேடி. மூக்கைத் துடை. கோபம் இல்ல. இல்லன்னா இல்ல. நான் வந்துக்கிட்டுதான் இருக்கேன், சாயங்காலத்துக்குள்ள உன் வீட்டுல இருப்பேன். அதுவரைக்கும் எதுக்கு அடக்கி வெச்சுக்கிட்டு... சொல்லு. நிஜமாத்தான் சொல்றேன், நீயே சொல்லிடு. ஒரு நிமிஷம்.

ஏம்மா, நீங்க கொஞ்சம் காதைப் பொத்திக்கங்க, நீங்க இன்னும் முடிக்கலையே.

ம், சொல்லுடி. நம்ம நீலமேகம் இருக்காரா, போயிட்டாரா?